ஈரலில் மட்டும்

எங்கள் ஊர் வெயில் சுண்டெலிக்கு ஆகாது, மேடம். மனுஷனுக்கே ஆகாதுதான், ஆனால் நாம் பழகிவிட்டோம். ஆய்வகத்துச் சுண்டெலிக்கு அந்தப் பழக்கமெல்லாம் வராது. சித்திரையில் ஏ.சி. ஒரு மதியம் நின்றுபோனால் போதும், தாய் எலி தன் குட்டிகளையே தின்றுவிடும். அதனால் கரண்ட் போனால் நான் வீட்டைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன். எலிக்கூடத்து ஜெனரேட்டர் ஓடுகிறதா என்றுதான் போன் செய்து கேட்பேன். என் மனைவி பிரவீனா, "அடுத்த ஜென்மத்துல நானும் உங்க கூண்டுலயே பொறந்துக்கறனுங்க" என்பாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இவன் இரக்கமில்லாதவன் என்று நீங்கள் எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. டீ வேண்டாம், மேடம். ஏட்டையாவை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெயர் குணசீலன். ராசிபுரம் ரோட்டில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் எலிப் பிரிவு என் பொறுப்பு. முட்டை லாரிகள் போகிற அந்த ரோட்டில் இப்படி ஒரு இடம் இருப்பதே பலருக்குத் தெரியாது. நாங்கள் செய்வது ஈரல் ஆராய்ச்சி. ஈரலில் கொழுப்பு எப்படிச் சேர்கிறது, எப்படிக் கரைகிறது என்று பார்ப்பது. எங்களுக்கு ஒரு மரபணு மேல் சந்தேகம். அதை உடம்பு முழுக்க நீக்கினால் குட்டி தாய் வயிற்றுக்குள்ளேயே செத்துவிடும். அதனால் ஈரலில் மட்டும் நீக்க வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. ஒரு வம்சத்து எலிகளில் அந்த மரபணுவின் இரண்டு பக்கமும் இங்கே வெட்டு என்று குறி வைத்திருப்பார்கள். இன்னொரு வம்சத்தில் வெட்டுகிற கத்திரி இருக்கும். அந்தக் கத்திரி ஈரலில் மட்டும்தான் உருவாகும். மூளையிலோ இதயத்திலோ உருவாகாது. இரண்டு வம்சத்தையும் இணை சேர்த்துத் தலைமுறை தாண்டினால், ஈரலில் மட்டும் அந்த மரபணு இல்லாத குட்டிகள் கிடைக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. வால் நுனியைத் துளி வெட்டிச் சோதித்தால்தான் எது எது என்று தெரியும்.

அதே ஈற்றில் கத்திரி கிடைக்காத குட்டிகளும் பிறக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதை வீண் என்று நினைப்பார்கள். நான் திட்டுவேன். அதுதான் ஒப்பீடு. அதே தாய், அதே தீனி, அதே கூண்டு, ஒரே ஒரு வித்தியாசம். ஒப்பீடு இல்லாமல் நீங்கள் எதைச் சொன்னாலும் அது வெறும் பேச்சுதான். இதை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மேடம்.

எல்லா எலிக்கும் கொழுப்புத் தீனி போட்டோம். ஒப்பீட்டு எலிகளின் ஈரல் நெய் தடவிய மாதிரி மஞ்சளாகிவிட்டது. கத்திரி எலிகளின் ஈரல் சிவப்பாக, பளபளவென்று அப்படியே இருந்தது. அன்றைக்கு நான் ஆய்வகத்துக்கே லட்டு வாங்கிக்கொடுத்தேன். சென்னையில் ஒரு கூட்டத்தில், "முட்டை ஊர்லேருந்து எலியா?" என்று ஒரு பெரிய மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பு அதுவரை எனக்குள் முள்ளாகக் கிடந்தது.

அப்புறம் பட்டினிச் சோதனை. சாயங்காலம் தீனியை எடுத்துவிட்டு, காலையில் ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பது. எல்லா ஆய்வகத்திலும் செய்வதுதான். காலையில் போய்ப் பார்த்தால் ஒப்பீட்டு எலிகள் பசியில் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தன. கத்திரி எலிகள் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. தொட்டால் ஜில்லென்று இருந்தது.

ஏன் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. சாப்பாடு இல்லாதபோது ஈரல்தான் சேர்த்து வைத்த கொழுப்பை எரித்து உடம்புக்குச் சர்க்கரை அனுப்ப வேண்டும். நாங்கள் நீக்கியது கிட்டங்கியின் கதவை. மூட்டை உள்ளே வராது என்று சந்தோஷப்பட்டோம். வெளியேயும் போகாது என்பதை யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் இயக்குநர் அந்தச் சிவப்பு ஈரலைப் பற்றி வெளியே அறிவிப்பதாக இருந்தது. அந்த மரபணுவின் வேலையை ஈரலில் மட்டும் தடுக்கிற ஒரு மருந்துப் பொடியும் எங்களிடம் தயாராகிக்கொண்டிருந்தது. நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து அந்தக் கூண்டின் மரத்தூளில் ஊற்றினேன். பாட்டில் ஒழுகி, ஈரத்தில் ஏ.சி. குளிர் தாங்காமல் செத்துவிட்டன என்று இயக்குநரிடம் சொன்னேன். அப்படி நடப்பதுண்டு, அவர் நம்பினார். அடுத்த தடவை பட்டினியை நாலு மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டேன். நாலு மணி நேரத்தில் எந்த எலியும் சாகாது.

தண்ணீர் ஊற்றும்போது ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. முதுகில் தண்ணீர் பட்டதும் உடம்பை ஒரு உதறு உதறியது. நீங்கள் எந்த ஊரோ தெரியாது, மேடம். எங்கள் பக்கம் கோயிலில் கெடா வெட்டும் முன் அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கெடா உடம்பை உதறினால் துளுக்கிவிட்டது என்பார்கள். அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள், கெடாவும் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். துளுக்காமல் கத்தி இறங்காது. சில கெடா கல் மாதிரி நிற்கும். அப்போது மறுபடி ஊற்றுவார்கள், காதுக்குள் ஊற்றுவார்கள். எப்படியும் துளுக்கிவிடும். அந்த எலி உதறியபோது எனக்கு அது ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

இனி என் மச்சான் ராசப்பன். என் அக்கா வெண்ணிலாவின் கணவர். நாமக்கல்லுக்கு மேற்கே கோழிப்பண்ணை வைத்திருந்தார். நல்ல ஆகிருதி, நல்ல சாப்பாடு, சத்தமான சிரிப்பு. குடி கிடையாது. நான் காலேஜில் சேர்ந்த அன்று என் பெட்டியோடு என்னையும் முட்டை லாரியில் ஏற்றி, ஹாஸ்டல் வாசல் வரை கொண்டுபோய் விட்டவர் அவர்தான். என் படிப்பைப் பற்றி ஊரில் என்னைவிட அதிகம் பெருமையடித்துக்கொண்டவரும் அவர்தான்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு என் வீட்டுக்கு வந்தார்.

"என்ற ஈரலும் பண்ணைக் கோழி ஈரலாட்ட ஆயிப்போச்சாம் மாப்ள. கொழுப்பு மூடிக்கிச்சாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. அவருடைய அப்பா வயிறு வீங்கித்தான் போனார்.

"நடைப்பயிற்சி போங்க மச்சா. சோத்தக் கொறைங்க."

"அதெல்லாம் டாக்டரே சொல்லிப்போட்டாரு. உன்ற எலிக்கு என்னமோ குடுக்கறியாமே, ஈரல் செக்கச்செவேல்னு இருக்குதாமே? அதை எனக்குங் கொஞ்சம் குடு."

"அது மனுஷனுக்கு இன்னும் குடுக்கக் கூடாதுங்க."

"நீ குடுத்தா தின்னுபோட்டுப் போறன். வேற பேச்சு எதுக்கு?"

சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு பேச்சைத்தான். பொடியை நானே அளந்து காலி மாத்திரைக் கூடுகளில் அடைத்துக் கொடுத்தேன். வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், பட்டினி கிடக்கக் கூடாது என்று எச்சரித்ததாக உங்கள் ஏட்டையாவிடம் முதலில் சொன்னேன். அது பொய், அடித்துவிடுங்கள். சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். கேட்டால் அந்த மூலையில் கிடந்த எலிகளைச் சொல்ல வேண்டியிருக்கும்.

மருந்து வேலை செய்தது. அதுதான் கொடுமை. தை மாதம் எடுத்த ஸ்கேனில் ஈரல் கிட்டத்தட்ட சுத்தம். தொப்பை வற்றிவிட்டது. பழைய சட்டைகளைப் பிடித்துக் காட்டிக் காட்டிச் சிரித்தார். "எம் மாப்ள கை பட்டா எமனே திரும்பிப் போயிருவான்" என்று பண்ணைக்குத் தீவனம் இறக்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் அவ்வப்போது போய் ரத்தம் எடுத்து வந்தேன். அவர் நலனுக்காகத்தான் எடுக்கிறேன் என்று நம்பி அக்கா எனக்குப் பிடித்த பச்சைப்பயறுக் கடைசல் செய்து வைப்பாள். அவர் நலனுக்காகவும்தான். ஆனால் மனித ஈரலில் அந்த மருந்து எப்படி நடந்துகொள்கிறது என்று உலகத்தில் எனக்கு மட்டுமே தெரியும் என்கிற கிறக்கமும் இருந்தது. அதை மறைத்தால் இங்கே வந்து உட்கார்ந்ததற்கே அர்த்தமில்லை.

பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா, நோம்பி என்போம். ஈரல் குணமானதற்குக் குண்டம் இறங்கித் தீ மிதிப்பதாக மச்சான் வேண்டிக்கொண்டார். குண்டம் இறங்குகிறவர்கள் முன்னதாக ரெண்டு நாள் விரதம். தண்ணீர் குடிக்கலாம், வேறு எதுவும் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காதான் கேட்டாள். "ரெண்டு நாளு ஒண்ணுந் திங்காம இருக்கோணுமே சாமி. அந்த மாத்தரை ஒத்துக்குமா? அதுவரைக்கும் நிறுத்திப்போடட்டுமா?"

"இவளுக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றார் மச்சான். "கெழட்டுக் கோழிய நாலு நாள் பட்டினி போட்டா மறுக்கா முட்டை உடுதில்ல? அதாட்டந்தான். ஏம் மாப்ள?"

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், சத்தியமாக. ஆனால் எலிக்கு நடப்பது மனுஷனுக்கும் நடக்குமா என்பது எந்த எலியிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் என் எதிரில் உட்கார்ந்து ரசம் குடித்துக்கொண்டிருந்தது.

"நிறுத்த வேண்டாங்க்கா" என்றேன். "நான் கூடவே இருந்து பார்த்துக்கறன்."

அக்கா நிம்மதியாக எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

கூடவேதான் இருந்தேன். அதிலொன்றும் பொய் இல்லை. குண்டத்தன்று விடியற்காலை என் சட்டைப் பையில் சர்க்கரை பார்க்கும் மெஷின் இருந்தது. பேன்ட் பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருந்தது. எல்லை மீறினால் கரைத்துக் கொடுத்துவிடுவேன், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். என் கணக்கில் ஊர் சேரவில்லை.

குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி வரிசையில் நின்றவருக்குத் திடீரென்று வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, நீ ரெண்டாத் தெரியறயே" என்றார். நாக்கு குழறியது. நான் அவர் விரலைக் குத்திப் பார்த்தேன். முப்பத்தெட்டு. சாதாரண மனுஷனுக்கு எண்பதாவது இருக்கும், மேடம்; அதில் பாதிகூட இல்லை.

முப்பத்தெட்டில் ஒருவர் இன்னும் நிற்கிறாரே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பயம் அதற்கு அப்புறம்தான் வந்தது. பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை பார்த்துவிட்டால் இறக்கம் எவ்வளவு வேகம் என்று தெரிந்துவிடும். அந்த இன்னொரு தடவைக்காக நான் காத்திருந்தேன். குளுக்கோஸ் பாக்கெட் என் தொடையில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்குள் அவர் ஆட ஆரம்பித்தார். கண் மேலே சொருகியது, வாயில் என்னென்னவோ வந்தது. சர்க்கரை இறங்கினால் மூளை அப்படித்தான் பேசும். கூட்டத்துக்கு அது தெரியாதே. "ராசப்பனுக்கு அருள் வந்திருச்சுடோய்" என்று யாரோ கத்தினார்கள். பறை வேகம் எடுத்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி குடம் நிறைய மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அவர் தலையில் ஊற்றினார். மச்சானுக்கு உடம்பெல்லாம் ஒரு உதறல் எடுத்தது.

"துளுக்கிட்டாருடா. ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. உடுங்க, உடுங்க."

அது அருள் இல்லை, வலிப்பு என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். கையெட்டுகிற தூரத்தில் நின்றேன். சத்தம் போட்டிருக்கலாம். காலில் விழுந்தாவது மறித்திருக்கலாம். மறித்தால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் தீயில் மூன்றாவது எட்டு வைக்கும்போது முழங்கால் மடங்கி முன்னால் விழுந்தார். சேலத்துக்குக் கொண்டுபோகிற வழியில், என் மடியில்தான் உயிர் போனது. அக்கா முன்சீட்டில் இருந்தாள். கடைசிவரை அவள் என்னிடம், "நீ இருக்கற சாமி, நீ பாத்துக்குவ" என்றே சொல்லிக்கொண்டு வந்தாள்.

தீக்காயம், மாரடைப்பு என்று எழுதிக்கொண்டார்கள். மிச்ச மாத்திரைகளைக் காரியத்தன்றே அவள் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இதற்கப்புறம் நடந்ததைத்தான். குண்டத்தில் ஒருவர் விழுந்தால் எங்கள் ஊர் அதை விபத்து என்று விடாது. விரதத்தில் குற்றம் என்று சொல்லும். விரதம் இருந்தவர் செத்துவிட்டால் குற்றம் யாருடையது? வீட்டுப் பொம்பளையுடையது. தீட்டோடு பூசைப் பாத்திரத்தைத் தொட்டுவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. அவள் மாமியார் ஆத்தாயி ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வருடமாக அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. வாசலில் கோலம் போட்டால் போகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அக்காவுக்கு வயது நாற்பத்தொன்பது. அந்த விஷயமெல்லாம் நாள் தப்பி வருகிற வயது. அதனால் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"எனக்கே தெரியாம ஏதோ ஆயிருக்குமோ கண்ணு? நாந்தான் அவரக் கொன்னுபோட்டனா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒரு தடவை இல்லை. போகும்போதெல்லாம் கேட்டாள். "அப்படியெல்லாம் இல்லக்கா" என்பேன். எனக்குச் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவாள். அந்தச் சோற்றையும் தின்றுவிட்டு வருவேன். என்னைப் போல ஒரு பாவி உங்கள் லாக்கப்பில் இதுவரை இருந்திருக்க மாட்டான்.

இந்த வருடம் பழி கழிய அவளே குண்டம் இறங்க வேண்டும் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். அவளும் சரி என்றுவிட்டாள். நேற்று விரதம் ஆரம்பித்தாள். நாளை விடியற்காலை குண்டம். பயப்படாதீர்கள், அவள் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை. ஆனால் மூன்று எட்டுக்குள் விழுந்துவிடுவோம் என்று அவள் நம்புகிறாள். விழுந்தால் கணக்கு நேராகிவிடும் என்றும் நம்புகிறாள் போல. அதனால்தான் வந்தேன். ஜீப்பை அனுப்பி அவளை நிறுத்துங்கள். உன் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று நீங்கள் சொல்லுங்கள், மேடம். என் வாயால் சொன்னால் அவள் என்னைப் பார்க்கிற பார்வையை என்னால் தாங்க முடியாது.

ஏன் ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்டீர்கள். பயம்தான். ஆனால் பயம் மட்டுமில்லை. யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை. ஐம்பதை ஒட்டிய வயது, ரெண்டு நாள் வெறும் வயிறு, பங்குனி வெயில். மாத்திரை இல்லாவிட்டாலும் சர்க்கரை அப்படி இறங்கியிருக்காது என்று எதை வைத்துச் சொல்வது? எத்தனையோ தடவை இந்த ஸ்டேஷன் வாசல் வரை வந்துவிட்டு, அந்த ஒரு சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறேன். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வதும் தவறுதானே.

அக்கா விரதம் இருக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் உடனே தடுக்கத்தான் நினைத்தேன். பிறகு யோசித்தேன். அதே வீட்டுச் சாப்பாடு, ஏறக்குறைய அதே வயது, அதே பங்குனி, அதே விரதம். மாத்திரை மட்டும் இல்லை. அதனால் நேற்று வரவில்லை. இன்று சாயங்காலம் மெஷினை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை. விரலை நீட்டி, "உன்ற மச்சானுக்கும் இப்படித்தான குத்திப் பாத்த" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எண்பத்தொன்று இருந்தது. ஆகவே நான்தான்.